இரட்டிக்கும் இடைவெளி

— பேசிக்கிட்டே இரு கலை. சத்தத்த வச்சுத்தான் நீ எங்க நிக்கிறேன்னு புடிபடுது.

— நான் எங்க நிப்பேன், எங்க கரையில, எங்க வயலுக்கு நேரா. நீ எங்க இருக்க நெடுமாறா?

— எதிர்ல, எங்க தெரு படித்துறையில. மடியில லேப்டாப்ப வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். அந்த வெளிச்சங்கூடத் தெரியலையா?

— வெளிச்சமாம்! கைய நீட்டினா வெரல் தெரியல. நடுவுல வாய்க்கால் ஓடுதுன்னு சத்தத்த வச்சு நம்பிக்கிட்டு இருக்கேன். போன்லயே பேசியிருக்கலாம்ல?

— போன்ல பேசினா நெட் கட்டாவுது. இந்தப் பனியில எனக்கு ஒரே ஒரு கோடுதான் சிக்னல். அத லேப்டாப்புக்குக் குடுத்திருக்கேன். நீ சும்மா வாய்விட்டுப் பேசு, தண்ணி மேல நல்லாத்தான் கேக்குது.

— ஊரே கேக்கும்.

— இந்தத் தை மாசப் பனியில எவன் எந்திரிச்சு வரப்போறான்? மாடுகூட வெளிய வரல. என்ன ஆச்சு, மொதல்லேர்ந்து சொல்லு.

— எங்க வயல்ல கதிர் அறுக்குற மிஷின் நின்னுபோச்சு. நேத்து சாயங்காலம் ரெண்டு சுத்துதான் ஓடுச்சு, பெல்ட் அறுந்துடுச்சு. உடனே, மிஷின வாடகைக்கு விடுற எங்க கம்பேனி ஆப்ல புகார் போட்டேன். இன்னும் மெக்கானிக் வரல. ஒர்க்‌ஷாப்புக்குப் போன் போட்டா, எங்க சிஸ்டத்துல புகார் டிக்கெட்டே விழலையேங்கறான். டிக்கெட் விழாம ஆள் கிளம்ப மாட்டானாம். சிரிப்பா இருக்கு. அந்தக் கம்பேனியில புகார் வாங்குற சீட்டுல உக்காந்திருக்கறவளே நான்தான். என் வயலுக்கே ஆள் வரல.

— ஆபீஸ் போயி கம்ப்யூட்டர்ல நேரா போட்டா?

— இன்னைக்கு லீவு போட்டிருக்கேன்.

— ஓ. ஆமா. இன்னைக்குத்தான்ல?

— தெரியுமா உனக்கு?

— இந்த வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் வீட்டுல பாயசம் வச்சா, இந்தப் பக்கம் ஏலக்கா வாசம் வருது. பட்டுக்கோட்டைக்காரங்க. தேங்கா மண்டி. பத்து மணிக்குப் பூ வைக்க வர்றாங்க. தெரியும்.

— ம்.

— சரி, பொறுமை. பாத்துடுறேன்.

— அந்த வார்த்தைய மட்டும் சொல்லாத. உன் பொறுமைய எடுத்து வாய்க்கால்ல போடு.

— ஏன் இப்படிக் கடிக்கிற? நேத்து நடந்ததெல்லாம் பதிவான லாக் திறக்க நேரம் ஆகும்ல. சுத்துது, சுத்துது... ஆ, வந்துடுச்சு.

— என்னன்னு போட்டிருக்கு?

— உன் புகார் என்கிட்ட வந்து சேந்துடுச்சு. நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கே. என்கிட்டேர்ந்துதான் ஒர்க்‌ஷாப்புக்குப் போகல.

— அப்ப உன் வேலைதானா இது? நான் பாவம் ஒர்க்‌ஷாப்காரன நாக்கப் புடுங்குற மாதிரி கேட்டேன்.

— அவங்க சிஸ்டம் நேத்து சாயங்காலம் படுத்துடுச்சு. அதான் ஆரம்பம். அப்புறம் நடந்தது என் லைப்ரரி பண்ணது, உங்க கம்பேனிக்கு நான் எழுதிக் குடுத்த புரோகிராம்.

— காலேஜ்ல லைப்ரரி பக்கமே வராதவன் எழுதுனது லைப்ரரியாம்.

— நக்கல் பண்ணாம கேளு. உங்க ஆப் ஒரு கரை. ஒர்க்‌ஷாப்போட டிக்கெட் சிஸ்டம் ஒரு கரை. நடுவுல போயிட்டு வர்ற ஆள் வேணும்ல? போயி, இந்த மாதிரி ஒரு மிஷின் நின்னுடுச்சுங்க, எழுதிக்குங்கன்னு சொல்லி, டிக்கெட் நம்பர வாங்கிக்கிட்டு வரணும். அந்த ஆளுதான் இந்த லைப்ரரி.

— சரி, அந்த ஆளு நேத்து எங்க போயித் தூங்கினான்?

— தூங்கல. போனான், கதவு திறக்கல. ஒரு நிமிஷம் நின்னு திரும்பத் தட்டினான். திறக்கல. ரெண்டு நிமிஷம் கழிச்சுத் தட்டினான். அப்பவும் இல்ல. அப்புறம் நாலு, எட்டு, பதினாறு...

— மேடம்! மேடம் இருக்கீங்களா? பெல்ட்டு என்னாச்சுங்க?

— யாரு கலை அது?

— மிஷின் டிரைவரு, சைபுல்லா பாய். வயல்லேர்ந்து கத்துறாரு. பாத்துக்கிட்டு இருக்கோம் பாய்! இப்பப் போயிடும்!

— அது சரிங்க மேடம். நான் என்ன சொல்ல வந்தேன்னா, இங்க—

— செத்த இருங்க பாய், நெட் விட்டு விட்டு வருது! நீ சொல்லு நெடுமாறா. பதினாறு, அப்புறம்?

— முப்பத்திரெண்டு, அறுவத்தி நாலு. ஒவ்வொரு தடவையும் இடைவெளி ரெண்டு மடங்காகும்.

— எதுக்கு அப்படி? கதவு திறக்கலைன்னா விடாமத் தட்ட வேண்டியதுதானே?

— அது தப்பு. உள்ள இருக்கறவங்க ஏதோ கஷ்டத்துல இருக்காங்கன்னுதானே அர்த்தம்? படுத்துக் கெடக்கற சிஸ்டத்த விடாம தட்டினா அது எந்திரிக்கவே எந்திரிக்காது. நம்மள மாதிரி நூறு பேரு தட்டிக்கிட்டு இருப்பான். அதனால தள்ளி நிக்கணும். மூச்சு விட எடம் குடுக்கணும். இந்தத் தொழில்ல இதுதான் மரியாதை.

— ரொம்ப மரியாதை. என் நெல்லு வயல்ல நிக்குது.

— ஒரு விஷயம் விட்டுட்டேன், ஒத்துக்கிறேன். இவ்வளவுதான் தள்ளிப் போகலாம்னு ஒரு வரம்பு வைக்கணும். வைக்கல. அது இரட்டிச்சு இரட்டிச்சு மணிக்கணக்குல போயிடுச்சு. அவங்க சிஸ்டம் விடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு உக்காந்தாச்சு. கதவு திறந்துதான் கெடக்கு. ஆனா நம்ம ஆளு அடுத்ததா பதினோரு மணிக்குத்தான் போயித் தட்டுவான்.

— கதவு திறந்து கெடக்கு. இவன் வரல.

— ஆமா.

— ...

— கலை? இருக்கியா? பனியில உன் சத்தமும் போச்சுன்னா எனக்கு ஒண்ணுமே இல்ல.

— இருக்கேன். தீபாவளி அன்னைக்கு சாயங்காலம் இதே எடத்துல என்கிட்ட ஒண்ணு கேட்டியே.

— அத எதுக்கு இப்ப?

— கட்டிக்கிறியான்னு கேட்ட. யோசிச்சுச் சொல்றேன்னேன். மறுநாள் போன் பண்ண. அப்புறம் ரெண்டு நாள் கழிச்சுப் பண்ண.

— ஆமா.

— அப்புறம் நாலு நாள் கழிச்சு.

— ...ஆமா.

— அப்புறம் எட்டு. சொல்லேன்டா. அப்புறம் எத்தனை?

— பதினாறு. அப்புறம் முப்பத்திரெண்டு.

— அடப்பாவி.

— கலை, அது வந்து—

— அடப்பாவி! நான் என்ன சர்வரா?

— கத்தாத. நீ எடுக்கல. எடுக்கலைன்னா ஏதோ சங்கடத்துல இருக்க, நெருக்கக் கூடாதுன்னு நெனச்சேன். எனக்குத் தெரிஞ்ச மரியாதை அதுதான். வேற எப்படிக் காத்திருக்கறதுன்னு எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கல.

— இந்தக் கரையிலேர்ந்து பாத்தா அது எப்படி இருந்துச்சு தெரியுமா? மொத போன் வந்தப்ப கவுத்து வச்சுட்டேன், எடுக்கல. நாளைக்குப் பண்ணுவான், எடுத்துச் சரின்னு சொல்லிடலாம்னு இருந்தேன். நாளைக்கு வரல. அதுக்கு மறுநாள் வந்துச்சு, அத்தை பக்கத்துல உக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தாங்க. சரி, நாளைக்குன்னேன். வரல. ஒவ்வொரு தடவையும் மனசத் தேத்தி, தைரியத்த வரவழைச்சு, போன மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். வரவே வராது. தைரியம் எல்லாம் வடிஞ்சு போன பிறகு வரும்.

— கலை...

— கார்த்திகையில ரெண்டு. மார்கழி பூரா காத்துக் கெடந்தேன். கோலம் போடும்போது இடுப்புல போன். போகிக்கு முன்னாடி ஒரே ஒண்ணு. அதுக்குள்ள எனக்குக் கோவம் வந்துடுச்சு. தள்ளித் தள்ளிப் போகுதே, இவனுக்கு ஆசை விட்டுப்போச்சு, கேட்ட கடமைக்குப் போன் பண்றான்னு நெனச்சேன். வேணும்னேதான் எடுக்கல.

— விட்டுப்போகல. ஒவ்வொரு தடவையும் கூடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. அந்த முப்பத்திரெண்டு நாள் நான் எப்படிப் போக்கினேன்னு எங்கம்மாவைக் கேளு. சாப்பாட்டுத் தட்டுல தண்ணிய ஊத்திக்கிட்டு உக்காந்திருப்பேனாம்.

— அத அந்த ரிங்டோன் சொல்லுமா? பொங்கல் அன்னைக்கு ஒரு கனவு கண்டேன். இந்த வயல் பூரா கதிரு சாஞ்சு கெடக்கு, உள்ள எங்கேயோ போன் அடிக்குது. கதிர விலக்கி விலக்கித் தேடுறேன். கிட்டப் போனா சத்தம் அந்தண்ட போயிடுது. தண்ணி கணுக்கால் அளவு, ஆனா குளிரவே இல்ல. ரொம்ப நேரம் தேடினேன். எழுந்ததும் அழுதேன். மறுநாள் பட்டுக்கோட்டையிலேர்ந்து ஜாதகம் வந்துச்சு. சரின்னுட்டேன்.

— நீ திருப்பிக் கூப்பிட்டிருக்கலாமே.

— கேட்டவன் நீ. பதில் சொல்ல வேண்டியவ போயிக் கதவத் தட்டுவாளா?

— சர்வரும் அப்படித்தான். தானா வந்து சொல்லாது. கேட்டாத்தான் சொல்லும்.

— இன்னொரு தடவ சர்வருன்னு சொன்ன, செருப்பு வரும் அந்தக் கரைக்கு.

— வரட்டும். எந்த எடத்துல நிக்கிறேன்னு அப்பவாச்சும் தெரியும் உனக்கு.

— சிரிக்க வைக்காத. எனக்கு அழுகையா வருது.

— எனக்குந்தான். பனியில யாருக்குத் தெரியப்போவுது?

— அடுத்த போன் எப்ப பண்றதா இருந்த?

— கணக்குப்படி மாசி முடிஞ்சு.

— அதுக்குள்ள எனக்குத் தாலியே கட்டியிருப்பாங்க. அதுக்கு அப்புறம்?

— அதுக்கு அப்புறம் இல்ல. அந்த லைப்ரரியில எத்தனை தடவ முயற்சி பண்ணலாம்னு ஒரு எண்ணிக்கை இருக்கு. அது முடிஞ்சா, பதில் இல்லைன்னு எழுதிட்டு நின்னுடும். நானும் அடுத்தது ஒண்ணோட நிப்பாட்டிடலாம்னு இருந்தேன்.

— நிப்பாட்டியிருப்பியா?

— தெரியல. லைப்ரரிய நிறுத்த ஒரு வரி எழுதினா போதும். மனசுக்கு எங்க போயி எழுதுறது?

— மேடம், சொல்ல வேணாம்னுதான் பாத்தேன். கொஞ்சம் மெதுவாப் பேசுங்க மேடம்.

— பாய், நீங்க காதப் பொத்திக்கிட்டு மிஷின் மேல ஏறி உக்காருங்க! புகாரு போயிடும்!

— அட, அதுக்கில்ல மேடம்... சரி, நமக்கெதுக்கு.

— நெடுமாறா, மொதல்ல அதப் போட்டுத் தொலை. இந்த மனுஷன் விட மாட்டாரு.

— கையாலயே தள்ளிவிடுறேன். இரு... போயிடுச்சு. டிக்கெட் விழுந்துடுச்சு. மெக்கானிக் பேருகூட வந்துடுச்சு, தமிழரசன். எட்டரைக்கு வயல்ல இருப்பாரு. பாத்தியா, கேட்ட உடனே எடுத்துக்கிச்சு. அது பாட்டுக்குக் காத்துக்கிட்டுத்தான் இருந்திருக்கு.

— ம். ஒரு விரல் தட்டுன வேலை.

— கோயில் மணி அடிக்குதுல்ல? எந்தப் பக்கம்னே தெரியல. ரெண்டு கரையிலயும் அடிக்கிற மாதிரி இருக்கு.

— எனக்கு இந்தப் பனி இப்படியே இருந்துட்டா போதும்னு இருக்கு. யாரு வீடு எதுன்னு தெரியல. உங்க தெருவும் இல்ல, எங்க தெருவும் இல்ல. வெறும் தண்ணிச் சத்தமும் உன் குரலும். பத்து மணி வரவே வேணாம்.

— வரும். வெயில் ஏறினா எல்லாம் தெரிய ஆரம்பிச்சுடும். கலை, ஒண்ணு கேக்குறேன், ஒளிக்காமச் சொல்லு. நான் ஆறு தடவ போன் பண்ணேன். நீ உங்கப்பாகிட்ட எத்தனை தடவ கேட்ட? ஒரு தடவ?

— இல்ல.

— ஒரு தடவகூட கேக்கல?

— கேக்கல.

— ஏன்? நாங்க தெக்குக்கரைன்னுதானே? எங்க தாத்தா உங்க வயல்ல நாத்து முடி சுமந்தவருன்னுதானே? நேராச் சொல்லு, எனக்கு ஒண்ணும் புதுசில்ல.

— அதான். ஆனா நீ நெனைக்கிற மாதிரி இல்ல.

— வேற எந்த மாதிரி? வேணாம்னு சொல்லுவாருன்னு நீயே முடிவு பண்ணிட்ட. கேக்காமலே கதவு சாத்தியிருக்குன்னு எழுதிட்ட. நானாச்சும் போயி நின்னேன் கலை. தள்ளித் தள்ளி நின்னாலும் போயி நின்னேன்.

— நீ கோவப்படு. உனக்கு நியாயம் இருக்கு. ஆனா கேளு. எனக்கு எங்கப்பான்னா உசுரு. அம்மா போன பிறகு எனக்குத் தலை பின்னி விட்டவரு அவரு. கோணக்கோணையா பின்னுவாரு, பள்ளிக்கூடத்துல எல்லாரும் சிரிப்பாங்க, நான் அவுக்கவே மாட்டேன். அப்படிப்பட்ட மனுஷன் உன் பேரக் கேட்டதும் மூஞ்சி மாறி, ஜாதியச் சொல்லி ஒரு வார்த்தை பேசிட்டாருன்னா? அதுக்கப்புறம் நான் யாரப் பாத்து அப்பான்னு கூப்பிடுவேன்? வேணாம்னு சொல்லுவாருங்கறது இல்ல என் பயம். அவரு எப்பேர்ப்பட்டவருன்னு தெரிஞ்சுபோயிடுமேன்னுதான் பயம். கேக்காத வரைக்கும் அவரு நல்லவரு. பேசு நெடுமாறா.

— என்ன பேச? எனக்கு உன் மேல கோவம் போயிடுச்சு. அதான் கஷ்டமா இருக்கு.

— அவரு இப்ப வீட்டுல ஷேவிங் பண்ணிக்கிட்டு இருப்பாரு. புது வேட்டி எடுத்து வச்சிருக்காரு. என்னைவிட அவருக்குத்தான் படபடப்பு. நேத்து மிஷின் நின்னப்பகூட, நல்ல நாளும் அதுவுமா இப்படி ஆச்சேன்னு ஒரே பொலம்பல்.

— இப்பப் போயிக் கேளு.

— இப்பவா?

— இன்னும் நேரம் இருக்கு. என்ன வேணா சொல்லட்டும். வேணாம்னாருன்னா நான் எந்திரிச்சுப் போயிடுறேன், கணக்குப் பண்ணிக் கணக்குப் பண்ணி உன்ன அரிக்க மாட்டேன். ஆனா கேக்காம உக்காந்து பூ வச்சுக்காத. அது எனக்கும் நல்லதில்ல, அந்தப் பட்டுக்கோட்டைப் பையனுக்கும் நல்லதில்ல.

— வாய் வராது நெடுமாறா. அவரு எதிர்ல நின்னா வேற ஏதாச்சும் பேசிட்டு வந்துடுவேன்.

— என்கிட்ட சொல்லிப் பாரு. நாந்தான் உங்கப்பான்னு வச்சுக்க. மூஞ்சிதான் தெரியலையே.

— பைத்தியம்.

— சொல்லும்மா கலைமகளே. என்ன விஷயம்?

— அவரு அப்படியெல்லாம் முழுப் பேரச் சொல்லிக் கூப்பிட மாட்டாரு.

— சரி. கலை, என்ன விஷயம்?

— அப்பா.

— ம்.

— அப்பா, எனக்கு தெக்குக்கரை நெடுமாறனத்தான் புடிச்சிருக்கு. என்கூட காலேஜ்ல படிச்சவன். தீபாவளியிலேர்ந்து கேட்டுக்கிட்டு இருக்கான், நான்தான் உங்களுக்குப் பயந்து பதில் சொல்லல. வர்றவங்கள வர வேணாம்னு சொல்லிடுறீங்களாப்பா? எனக்கு அவன் வேணும். நீங்களும் வேணும். ரெண்டுல ஒண்ணுன்னு மட்டும் சொல்லிடாதீங்க.

— ...

— என்னடா, அப்பாவா இருக்கேன்னு சொல்லிட்டு வாய மூடிக்கிட்ட? பதில் சொல்லு.

— நான் சும்மாதான் இருக்கேன் கலை. உங்க கரையில யாரோ செருமினாங்க.

— பாயா இருக்கும்.

— நான் இல்லீங்க மேடம். நீங்க சொன்னீங்கன்னு அப்பவே மிஷின் மேல ஏறி உக்காந்துட்டேன். கரையில நிக்கிறது நான் இல்ல.

— அப்ப யாரு?

— இன்னொரு தடவ கேளும்மா கலை. அப்பா இங்கதான் நிக்கிறேன்.